ஐந்தாவது பங்கு

மத்திய சிறைச்சாலை
20.1.2025

அன்புத் தங்கச்சி நர்மதாவுக்கு அண்ணன் வெள்ளையன் எழுதுவது.

நான் இங்கே உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை ராஜேஷ்குமாரும் குழந்தை இலக்கியாவும் காய்ச்சல், சளி என்று ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? மலையில் இப்போது பனி கொட்டும். குழந்தைக்குக் காதை மூடிக் கட்டாமல் வெளியே விடாதே.

முதலில் ஒன்று. இங்கிருந்து போகிற கடிதத்தையும், எனக்கு வருகிற கடிதத்தையும் ஆபீஸில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

நல்ல சேதி என்னவென்றால், கள்ளக்குறிச்சி கோர்ட்டில் எனக்கு மன்னிப்பு கொடுத்துவிட்டார்கள். அஜித்குமார் கொலை வழக்கில் நான் இனி குற்றவாளி இல்லை, அப்ரூவர். அதாவது அரசாங்கத்துப் பக்கம் நின்று சாட்சி சொல்கிறவன். களமருதூர் தங்கதுரையும் அவன் டிரைவர் செல்லமுத்துவும்தான் இப்போது குற்றவாளிகள். வழக்கு முடிகிறவரைக்கும் நான் உள்ளேதான் இருக்க வேண்டும். முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆனால் இதில் ஒரு கண்டிஷன் இருக்கிறது. நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டும். ஒரு ஆளை, ஒரு காரியத்தை மறைத்தேன் என்று தெரிந்தாலும் மன்னிப்பைப் பிடுங்கிக்கொண்டு என்னையும் அதே கொலைக்குக் கூண்டில் நிறுத்துவார்கள். அப்போது எனக்கு எதிராக வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. நான் என் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட்டதையே எடுத்துப் படிப்பார்கள். அரசு வக்கீல் செந்தமிழ்ச்செல்வி அம்மா இதை என் முகத்துக்கு நேராக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார்கள்.

நான் பயப்படவில்லை. தங்கதுரையிடம் மேஸ்திரியாக இருந்தேன், அவன் கேட்டான், மரவள்ளிக் காட்டுக்கு வழி காட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். நீயும் பயப்படாதே. மாப்பிள்ளையிடம் நான் தைரியமாக இருக்கிறேன் என்று தவறாமல் சொல்.

உன் நலத்தை எழுத்தில் பார்க்கக் காத்திருக்கும்
அண்ணன் வெள்ளையன்


கொட்டாம்பாறை, கல்வராயன் மலை
9.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு நர்மதா எழுதியது.

நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். உன் நாய் செவலையும் நன்றாக இருக்கிறது. வீட்டில் எல்லோரையும்விட அதுதான் நிம்மதியாகத் தூங்குகிறது.

நீ பார்த்து எழுதச் சொன்னாய். எனக்கு அப்படி எழுதத் தெரியாது. ஆபீஸில் படிக்கிறவர்களும் படித்துக்கொள்ளட்டும். எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஊர் நிலத்தையெல்லாம் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிச் சுருட்டினான் தங்கதுரை. அதைக் கேட்கத்தான் அஜித்குமார் ஊரையே திரட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனான். நிலமும் திரும்பி வந்தது. அந்தப் பையனைக் கொல்லப் போகிறவர்களுக்கு நீ வழி காட்டினாயே, உனக்கு வேறு வழியே தெரியவில்லையா? அம்மா செத்த பிறகு என்னைத் தோளில் போட்டு வளர்த்தவன் நீ. அந்த அண்ணனையும் இந்த ஆளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

போன வாரம் நம் சாமை வைக்கோல் போரைக் கொளுத்திவிட்டார்கள். யாரென்று தெரியும், சொல்லிப் பயனில்லை. அஜித்குமாரின் அம்மா பாவாயி அத்தை நம் வாசலைத் தாண்டும்போதெல்லாம் நின்று காறித் துப்பிவிட்டுத்தான் போகிறாள். நான் துடைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அவள் பிள்ளையின் தலை உடம்போடு ஒட்டாமல் தொங்கியதைப் பார்த்தவள். அவளை என்ன சொல்வது?

உன் மாப்பிள்ளைதான் ஆறுதல். குட்டியானை வண்டி வாங்கியதிலிருந்து மணலூர்பேட்டை வரைக்கும் லோடு போகிறார். உன் கடிதம் வந்தால் போதும், சோற்றை வைத்துவிட்டு, "இன்னா எழுதிக்கீறான் உங்க அண்ணன்? முழுசா படி, வுட்டுட்டுப் படிக்காத" என்பார். யார் யார் பெயரைச் சொல்லியிருக்கிறாய் என்று கேட்பார். உன்மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.

எல்லாவற்றையும் சொல்லிவிடு அண்ணா. யாருக்காகவும் ஒன்றையும் விழுங்காதே. செத்தவனுக்கு நீ இனிமேல் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

நீ நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்றும் உன்னை நாலு வார்த்தை நேரில் திட்ட வேண்டும் என்றும் நினைத்திருக்கும்
உன் தங்கச்சி நர்மதா


மத்திய சிறைச்சாலை
15.3.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் உடம்பைப் பற்றி வேறு யார் மூலமாவது கேள்விப்படுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். தங்கதுரையின் ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள். குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து தலையைப் பிடித்துத் தொட்டிச் சுவரில் மோதினார்கள். முன்பல் இரண்டு போய்விட்டது. ஒருவன் தரையில் தேய்த்துக் கூராக்கின கரண்டியை விலாவில் செருகினான். எலும்பில் பட்டு நின்றதால் பிழைத்தேன். "அப்ரூவரு, இப்ப பேசுடா பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி மிதித்தார்கள். தையல் போட்டிருக்கிறது. இப்போது தனி அறையில் வைத்திருக்கிறார்கள். கஞ்சி மட்டும் இறங்குகிறது.

அந்த வாயோடுதான் கோர்ட்டில் நின்று சொன்னேன். அஜித்குமாரைப் பன்றி வேட்டைக்கு என்று கூப்பிட்டதைச் சொன்னேன். அந்தி சாயும் முன்னே மரவள்ளிக் காட்டுக்குள் வந்ததும் தங்கதுரை பின்னாலிருந்து தடியால் அடித்ததை, அவன் விழுந்தும் எழுந்தும் ஓடப் பார்த்ததை, மறுபடியும் கீழே தள்ளியதை, செல்லமுத்து முடியைப் பிடித்துக் கழுத்தை அறுத்ததைச் சொன்னேன். ஒரே வெட்டில் முடியவில்லை. அதையும் சொன்னேன். பாவாயி அத்தை பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. தலையை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு துணியில் இருந்த ரத்தத்துக்கு ஒரு காரணம் வேண்டுமென்று, முதல் நாள் வைத்த வெடியைக் கடித்துச் செத்துக்கிடந்த பன்றியை ஓடையில் போட்டு அறுத்து, கறியைப் பங்கு போட்டதையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பங்கு விஷயத்தைக் கொஞ்சம் கிளறினார். பதில் சொல்லிவிட்டேன்.

செவலை அன்றைக்கு என்னோடு வந்திருந்தது. வேட்டைக் கறியில் நாய்க்கும் முழுசாக ஒரு பங்கு போடுவது நம் மலை வழக்கம் அல்லவா? அதை நீ மறந்திருக்க மாட்டாய். செவலையைப் பார்க்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்.

மாப்பிள்ளை வண்டியைப் பார்த்து ஓட்டட்டும். மலைப்பாதை வளைவுகள் அவருக்குத் தெரியாததல்ல.

எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும் என்று கும்பிடும்
அண்ணன்


கொட்டாம்பாறை
2.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் விலாக் காயம் ஆறிவிட்டதா? சீழ் வைத்ததா? கஞ்சியில் உப்பாவது போடுகிறார்களா? கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உன் வாய் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம்.

ஆனாலும் அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது, கோபித்துக்கொள்ளாதே. தலையில் பட்ட அடியில் மூளை கலங்கிவிட்டதா உனக்கு? நாய்க்கு ஏது பங்கு? ஆளுக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று. நாய்க்குக் குடல்தான், அதுவும் அங்கேயே மண்ணில் வீசுவது. ஒருதடவை பங்குக் கறியில் ஒரு துண்டை நாய்க்குப் போட்டதற்கு அப்பா உன்னைப் புளிய விளாரால் விளாசியது மறந்துபோச்சா? சாமிக்குச் சமமாக நாயை வைப்பாயா என்று கேட்டுக் கேட்டு அடித்தாரே.

இதில் ஒரு வேடிக்கை. அதே வாரம் கச்சிராயபாளையத்திலிருந்து இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். ஊர் நடுவில் நிறுத்தி, "வேட்டைக் கறிய இங்க எப்படிங்க பங்கு போடுவீங்க?" என்று கேட்டார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். போலீஸ்காரன் கேட்டால் நம் ஆட்கள் தங்கள் பெயரையே மறந்துவிடுவார்கள். நான்தான் முன்னால் போய்ச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, "கோர்ட்ல வந்து இதையே சொல்லுவீங்களா?" என்றார். "எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்" என்றேன். 17-ஆம் தேதிக்கு சம்மன் வந்திருக்கிறது. மலை ஏறாத கீழ்நாட்டு வக்கீல்கள் நம் வழக்கத்தைக் கேலி பேசியிருப்பார்கள் போல. வந்து வாயை அடைத்துவிட்டுப் போகிறேன்.

உன் மாப்பிள்ளை மட்டும் அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். "நாய்க்கும் உண்டுன்னு சொல்லிட்டுப் போயேன், உனக்கு இன்னா கொறஞ்சி பூடும்?" என்கிறார். சாமி பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூண்டில் கேட்பார்கள், அங்கே போய் நாய்க்காகப் பொய் சொல்லச் சொல்கிறார். அவருக்கும் உன் கிறுக்கு ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

17-ஆம் தேதி உன் முகத்தைப் பார்க்கலாம் என்ற சந்தோஷத்தில்
உன் தங்கச்சி நர்மதா


மத்திய சிறைச்சாலை
8.4.2025

நர்மதா,

நலம் விசாரிக்க நேரமில்லை. கோர்ட்டுக்கு வராதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலையாதே. உனக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரு டாக்டர் சீட்டு வாங்கி அனுப்பிவிட்டால் போதும். அண்ணன் ஒன்றைச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் செய்கிற தங்கச்சியாக இந்த ஒருதடவை இரு.

வெள்ளையன்


கொட்டாம்பாறை
26.4.2025

அண்ணனுக்கு,

நீ 8-ஆம் தேதி எழுதியது 22-ஆம் தேதிதான் மலைக்கு வந்து சேர்ந்தது. நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கூண்டில் ஏறும்போது நான் சிரித்துக்கொண்டேதான் ஏறினேன். செந்தமிழ்ச்செல்வி அம்மா, பங்கு வழக்கத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். "நாய்க்கு?" என்றார்கள். "நாய்க்குப் பங்கே கிடையாதுங்க, கொடலுதாங்க" என்றேன், எதையோ பெரிதாகச் சாதித்துவிட்ட மாதிரி. அப்போதுதான் உன்னைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டாய். வக்கீல் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பரிதாபப்பட்டுப் பார்த்தார்கள் என்று இப்போது தெரிகிறது.

வெளியே வந்ததும் வராண்டாவில் என்னை உட்கார வைத்துச் சொன்னார்கள். "உங்க அண்ணன் கொலைக்குப் போனது மூணு பேர்னு சத்தியம் பண்ணி சொல்லியிருக்கார். எதிர்த்தரப்பு வக்கீல் கேக்கறப்ப, கறிய அஞ்சு பங்கு போட்டோம்னு வாய்தவறிச் சொல்லிட்டார். மூணு ஆளுக்கு மூணு, சாமிக்கு ஒண்ணு, இன்னொண்ணு யாருக்குன்னு கேட்டா நாய்க்குன்னார். அது நிஜமா இருந்தா அவரைக் காப்பாத்தலாம்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். நாய்க்குப் பங்கு இல்லேன்னா நாலாவதா ஒரு ஆள் இருந்திருக்கான்." "யாருங்க அது?" என்றேன். "அந்தப் பேரை அவர் சொல்லணும். சொல்லலேன்னா மன்னிப்பை ரத்து பண்ண நானே கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். எனக்கு வேற வழியில்லம்மா" என்றார்கள்.

உன் கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்தவள் நான்தான். நாயைப் பற்றி எழுதினாயே, அது எனக்குக் கண் காட்டியது என்று புரிந்துகொள்ளக்கூடத் தெரியாத மண்டு நான். ஆனால் நீயும் என்ன செய்து வைத்திருக்கிறாய்? யார் அந்த ஆள்? யாருக்காக நீ சாகப் போகிறாய்? வக்கீல் அம்மாவிடம் சொல்லிவிடு அண்ணா. எனக்கும் எழுது. யார்?

நர்மதா


மத்திய சிறைச்சாலை
20.5.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்பு பரவாயில்லை. நீ அழுது அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இலக்கியாவுக்கு அங்கன்வாடியில் இடம் கிடைத்ததா?

நடந்ததை எழுதுகிறேன். அரசு வக்கீல் அம்மா இங்கேயே வந்தார்கள். கண்காணிப்பாளர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். "பேரை மட்டும் சொல்லுங்க வெள்ளையன். நான் உங்களுக்காக நிக்கறேன்" என்றார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "நீங்க எனக்குக் குடுத்த வார்த்தைய நீங்கதான் உடைச்சீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். கோபம்கூட இல்லை அவர்களுக்கு.

நான் உண்மையை மறைத்தேன் என்று அவர்கள் எழுதிக்கொடுத்ததை ஜட்ஜ் ஏற்றுக்கொண்டார். மன்னிப்பு போய்விட்டது. இனி தங்கதுரையோடு சேர்த்து இல்லாமல் எனக்கென்று தனியாக ஒரு வழக்கு நடக்கும். கோர்ட்டில் நான் சொன்னது முழுவதும் என் தலையிலேயே திரும்பும். ஆயுள் தண்டனை நிச்சயம் என்கிறார் இங்கே இருக்கும் இலவச வக்கீல். அதற்கு மேலேயும் போகலாம் என்கிறார். தங்கதுரைக்குத்தான் கொண்டாட்டம். அப்ரூவர் பொய்யன் என்று ஆகிவிட்டது அல்லவா? தானும் செல்லமுத்துவும் மலைக்கே வரவில்லை என்று அவன் முதலிலிருந்து சொல்வது இப்போது எடுபடும் போலிருக்கிறது.

யார் என்று கேட்டாய். அதைத் தேடாதே. உன் வீட்டை, உன் குழந்தையை, உன் தாலியைப் பார்த்துக்கொண்டு இரு. நான் வழிதான் காட்டினேன் என்பது சாமிக்குத் தெரியும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன் வெள்ளையன்


அரசு ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
11.8.2025

அண்ணனுக்கு நர்மதா எழுதுவது.

எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். இவ்வளவு நாள் எழுதாததற்கும் அதுதான் காரணம். நான் உயிரோடு இருக்கிறேன். குழந்தை நன்றாக இருக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்?

தாலியைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தாய். படித்த உடனே எனக்கு அந்தக் கறிப் பொட்டலங்கள் ஞாபகம் வந்தன. கொலை நடந்த அன்று ராத்திரி நம் வீட்டுக்கு இரண்டு பொட்டலம் கறி வந்தது. ஒன்று நீ கொடுத்தது. இன்னொன்றை உன் மாப்பிள்ளை தேக்கிலையில் கட்டிக்கொண்டு வந்து, "இதுவும் உங்க அண்ணன் குடுத்ததுதான்" என்றார். வேட்டைக்குப் போனவன் ஒருவனுக்கு ஒரு பங்குதானே, உனக்கேது இரண்டு? அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் குழம்பு வைத்தேன். எல்லோரும் சாப்பிட்டோம். அங்கே அஜித்குமார் உடம்பு காட்டில் கிடந்தது. இங்கே நான் குழந்தைக்குக் கறியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.

பல வாரம் வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் குட்டியானை எப்படி வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. தங்கதுரை வாங்கிக் கொடுத்திருக்கிறான். போன மாதம் ஒரு காலை நேரம், வண்டியை எடுக்கப் போனவரை நிறுத்தி, "எங்க அண்ணன் உனக்காகச் சாவறான். நான் இன்னிக்கு வக்கீலம்மாகிட்ட போறேன்" என்றேன்.

முதலில் சிரித்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியதும்தான் நம்பினார். முடியைப் பிடித்து இழுத்து வண்டிச் சக்கரத்தில் மோதினார். நான் எழுந்து ஓடினேன். கொடுவாளை எடுத்துக்கொண்டு துரத்தினார். தலைக்கு வந்ததைக் கையால் தடுத்தேன். வலது கையில் இரண்டு விரல் அங்கேயே மண்ணில் விழுந்துவிட்டது. இன்னொரு வெட்டு தோளில். இலக்கியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், கத்தக்கூட இல்லை.

ஊரே கூடியது, ஒருவரும் கிட்டே வரவில்லை. பாவாயி அத்தைதான் வந்தாள். எனக்கும் கொடுவாளுக்கும் நடுவில் வந்து நின்று, "ஒண்ணத் தின்னுட்டீங்க, பத்தலயாடா? வெட்டுடா என்னிய" என்றாள். அப்புறம்தான் ஆண்களுக்கு வெட்கம் வந்தது. பிடித்து வேப்பமரத்தில் கட்டினார்கள். அத்தை தன் முந்தானையைக் கிழித்து என் கையைச் சுற்றிக் கட்டினாள். காறித் துப்பிய அதே வாயை இறுக்கி மூடிக்கொண்டு கட்டினாள்.

கட்டிப் போட்டிருக்கும்போது அவர் கத்தினார். ஊரே கேட்டது. "நான் கால மட்டும்தாண்டி புடிச்சேன். கழுத்த அறுத்தது செல்லமுத்து இல்ல, உன் அண்ணன்தான். போய்க் கேளு" என்றார்.

அவரை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். செந்தமிழ்ச்செல்வி அம்மா இங்கே வந்து என்னைப் பார்த்தார்கள். உன் மன்னிப்பைத் திருப்பித் தர வழி உண்டா என்றுதான் முதலில் கேட்டேன். பிடுங்கியதைத் திருப்பித் தருவது தன் கையில் இல்லை என்றார்கள்.

வெட்டுப்பட்ட வலியைவிட எனக்கு அவர் கத்தியதுதான் வலிக்கிறது. ஆத்திரத்தில் ஆயிரம் பொய் சொல்லுவான், அதற்காக நம்பிவிடுவேனா? ஆனாலும் எனக்கு நீ ஒரு வரி எழுது. பொய் என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உன் பதிலுக்கு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்
தங்கச்சி


மத்திய சிறைச்சாலை
27.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு துடித்துப்போனேன். விரல் புண் காய்ந்துவிட்டதா? ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. தினமும் முட்டை சாப்பிடு. சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள், புண் ஆறுவதற்கு அது முக்கியம் என்கிறார்கள்.

ராஜேஷ்குமாரை ஆரம்பத்திலிருந்தே எனக்குப் பிடிக்காது. உனக்குப் பிடித்ததே என்று ஒத்துக்கொண்டேன். உன் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாதே என்றுதான் இத்தனை அடியும் வாங்கிக்கொண்டு அவன் பெயரை விழுங்கினேன். இதை நீ செந்தமிழ்ச்செல்வி அம்மாவிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அண்ணன் தங்கச்சிக்காக மறைத்தான் என்றால் ஜட்ஜ் மனது இரங்கும். நீ கைக்கட்டோடு கோர்ட்டில் வந்து நின்று சொன்னால் இன்னும் நல்லது. இலவச வக்கீலும் அதைத்தான் சொல்கிறார்.

இங்கே இரண்டு நாளாக மழை. அறையில் ஒழுகுகிறது. எனக்குப் பல் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இலக்கியாவைப் பயப்படாமல் பார்த்துக்கொள். செவலைக்கு இப்போது யார் சோறு போடுகிறார்கள்?

சீக்கிரம் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்
அண்ணன் வெள்ளையன்


கொட்டாம்பாறை
14.9.2025

வெள்ளையனுக்கு நர்மதா எழுதுவது.

கையில் கட்டுப் பிரித்துவிட்டார்கள். தோள் இன்னும் தூக்க வரவில்லை. குழந்தை இப்போதுதான் மறுபடியும் பேச ஆரம்பித்திருக்கிறாள். பாவாயி அத்தை வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதத்தில் முட்டை இருந்தது, சர்க்கரை இருந்தது, மழை இருந்தது. நான் கேட்ட ஒரு வரி மட்டும் இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எழுதியிருப்பாயோ என்று பார்த்தேன். அத்தை, "இன்னா எழுதிக்கீது?" என்றாள். "ஒண்ணும் எழுதல அத்தே" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து யோசித்தேன். கொலை நடந்த அன்று உன் சட்டையையும் ராஜேஷ்குமார் சட்டையையும் நான்தான் துவைத்தேன். அவன் சட்டையில் கைமடிப்பில் மட்டும் ரத்தம். உன் சட்டையில் நெஞ்சு முழுக்க, காலர் உள்பக்கம் வரைக்கும். "பன்னி கழுத்த அறுக்கும்போது அடிச்சிச்சி" என்று சொன்னாய். அந்தப் பன்றி வெடியைக் கடித்து வாய் சிதறி நீங்கள் போவதற்கு முன்பே செத்துக்கிடந்தது என்று கோர்ட்டில் நீயேதான் சொல்லியிருக்கிறாய். செத்து உறைந்த பன்றி கழுத்திலிருந்து ரத்தம் எப்படி அடிக்கும்? உயிரோடு இருப்பதை அறுத்தால்தான் அப்படி அடிக்கும். மலையில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். நீ சொன்னதால் யோசிக்கவில்லை.

எனக்காக மறைத்தேன் என்று எழுதுகிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தங்கதுரையும் செல்லமுத்துவும் மலைக்கே வரவில்லை என்று சாதிக்கிறார்கள். வராதவர்களால் யார் அறுத்தது என்று சொல்ல முடியாது. சொல்லக்கூடியவன் ராஜேஷ்குமார் ஒருவன்தான் இருந்தான். அவன் பெயரை நீ சொன்னால் அவன் உன் பெயரைச் சொல்வான். அதற்குத்தான் அவனை விழுங்கினாய். என் தாலிக்காக இல்லை. என்னை ஒரு கொலைகாரனோடு படுக்கவிட்டு, அவனுக்குச் சோறு போடவிட்டு, அவனுக்கு என் வாயாலேயே உன் கடிதங்களைப் படித்துக் காட்டவிட்டு, நீ உள்ளே தியாகியாக உட்கார்ந்திருந்தாய். நான் உனக்காக விரலைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன்.

உன்னை வெறுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முழுசாக முடியவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோமுகி ஆற்றைத் தாண்டிய ஆள் நீதான், அதை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அதற்காக அஜித்குமாரின் அம்மா எதிரில் உட்கார்ந்து கொண்டு பொய் சொல்லவும் முடியாது. அவள் போட்ட சோற்றைத்தான் இந்தக் கையால் சாப்பிடுகிறேன்.

நேற்று கள்ளக்குறிச்சிக்குப் போய் செந்தமிழ்ச்செல்வி அம்மாவைப் பார்த்தேன். அத்தையும் கூட வந்தாள். பொட்டலம், வண்டி, சட்டை எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. ராஜேஷ்குமார் வழக்கிலும் உன் வழக்கிலும் என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள்.

இனி நீ எழுத வேண்டாம், எழுதினால் பிரிக்க மாட்டேன். உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள். மருந்தைச் சரியாகச் சாப்பிடு, யாரோடும் சண்டைக்குப் போகாதே. நீ நல்ல ஆரோக்கியத்தோடு இருக்க வேண்டும். நான் கூண்டில் ஏறிச் சொல்கிறபோது நீ இரண்டு காலில் நின்று அதைக் கேட்க வேண்டும்.

நர்மதா